தூசியைத் துடைப்பதா, தடுப்பதா?

(தொலைக்காட்சிக் கருத்து மன்றத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். குடியிருக்கும் வீட்டையே இடித்துக் கட்டிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். சேர்த்திருந்தால், கேமரன் மலை லெம்பா பெர்த்தாமில் இருக்கும் என் அத்தை கொஞ்சம் யோசித்திருப்பார்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. பின்கட்டுச் சமையலறையை எட்டடி நீட்டுவது, பழைய கூரைத் தகட்டை மாற்றுவது, தரைக்கு டைல்ஸ் போடுவது. ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று குத்தகையாளர் சொல்லியிருந்தார். வேலை தொடங்கிய மூன்றாம் நாள் நான் போய் நின்றபோது, "வாம்மா, செருப்பைக் கழற்றாமலே உள்ளே வா" என்றார் அத்தை. தமிழர் வீட்டில் இந்த வரவேற்பைக் கேட்டவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது. சாமி மேடையில் பிள்ளையார் நெற்றியில் இருப்பது விபூதியா சிமெண்டா என்று தெரியவில்லை. மாமாவின் படத்துக்குப் போட்ட மாலை சாம்பல் நிறத்தில் தொங்கியது. காலையிலிருந்து பத்து முறை கூட்டிவிட்டேன், கூட்டக் கூட்ட வருகிறது என்று விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே சொன்னார்.

அன்றிரவு பதினொரு மணிக்கு, ஆஸ்துமா உள்ள ஏழு வயதுப் பேரனுக்கு இழுப்பு வந்து, வளைவுச் சாலையில் தானா ராத்தா மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பையன் தேறிவிட்டான். அத்தைக்கு மட்டும் விளங்கவில்லை. "இவ்வளவு சுத்தமாகக் கூட்டி வைத்தேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மை என்னவென்றால், அந்தப் பத்து முறை கூட்டியதும் இழுப்புக்கு ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரிகிற தூசி நமக்குப் பெரிய எதிரி அல்ல. மூக்கு முடியிலும் தொண்டைச் சளியிலும் ஒட்டிக்கொள்ளும். தும்மினால், சிந்தினால் வந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பத்து மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட துகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நான்கு, ஐந்து மைக்ரானுக்கும் கீழே போனால் நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்கார்ந்துவிடும். அந்த அளவில் உள்ளது நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும்போது மின்னுகிறதே, அது ஓரளவு அடையாளம் காட்டும்.

இந்த நுண்துகள் தரைக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? ஒரு மைக்ரான் அளவுள்ள மணல்துகள், அசையாத காற்றில், பத்தடி உயரத்திலிருந்து தரையைத் தொட ஒன்பது பத்து மணி நேரம் எடுக்கும். மாலை ஐந்து மணிக்கு வேலையாட்கள் சுவரை உடைத்துவிட்டுப் போனால், விடியற்காலை மூன்று மணி வரை அது காற்றில்தான் இருக்கும். நாம் ஐந்தரைக்கே கூட்டி முடித்து, வீடு சுத்தமாகிவிட்டது என்று பாயை விரித்துப் படுக்கிறோம். காய்ந்த தரையில் விளக்குமாற்றை வீசினால் பெரிய துகள் மூலைக்குப் போகும், சின்னது மறுபடி மேலே எழும். சாதாரண வெக்கூம் கிளீனரும் இதற்கு உதவாது. முன்பக்கம் இழுத்து, பின்பக்கக் காற்றோடு நுண்துகளை அறைக்குள்ளேயே விடும். ஹெப்பா வடிகட்டி பொருத்தியதாக இருந்தால்தான் அந்த நுண்துகளைப் பிடித்து வைக்கும்.

சிமெண்டு தூசியில் என்ன இருக்கிறது, மண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மணல், செங்கல், கான்கிரீட், டைல்ஸ், கருங்கல் எல்லாவற்றிலும் சிலிக்கா என்ற பொருள் படிக வடிவில் இருக்கிறது. கேமரன் மலையே கருங்கல் பாறையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாறை தேய்ந்து வந்த மணலில் இதற்குப் பஞ்சமில்லை. மணலாகக் கிடக்கும்வரை யாரையும் ஒன்றும் செய்யாது. மின்சார அறுவைச் சக்கரத்தை வைத்து வெட்டும்போது, துளைக்கும்போது, தேய்க்கும்போதுதான் நுண்துகளாகி நுரையீரலில் தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். இந்தத் துகள் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் வகைப்படுத்தியது.

ஒரு பழைய கதையைச் சொன்னால் விளங்கும். 1930இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜினியா மாநிலத்தில், ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில், நீர்மின் திட்டத்துக்காக மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். வெட்டிய பாறையில் சிலிக்கா மிகுதி. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி பறக்காது என்பது அப்போதே தெரிந்த விஷயம். வேலை தாமதமாகும் என்று காய்ந்த பாறையிலேயே துளைத்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்த கறுப்பினத்தவர்கள். நூற்றுக்கணக்கானோர் நுரையீரல் நோயால் செத்தார்கள். நம் வீட்டுச் சமையலறைச் சுரங்கம் அத்தனை பெரியது அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அங்கே எது குறைந்ததோ அதே தண்ணீர்தான் இங்கேயும் குறைகிறது.

இப்போது நம் வீடுகளில் சமையல் மேடைக்கு 'குவார்ட்ஸ்' பலகை போடுவது ஒரு மோகம். தொழிற்சாலையில் செய்யப்படும் இந்தச் செயற்கைக் கல்லில் சிலிக்கா 90 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு. அதை அறுத்துத் தேய்த்த இளம் தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் வந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. போட்டு முடித்த மேடை ஆபத்தானது அல்ல, பயப்பட வேண்டாம். வீட்டு வாசலில் வைத்து உலர்வாக அறுக்க மட்டும் விடாதீர்கள். அளவெடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் அறுத்து வரட்டும்.

அத்தை வீட்டுக் கூரை

அடுத்த நாள் கூரைத் தகட்டைக் கழற்றுவதாகத் திட்டம். அலை அலையாக, பாசி பிடித்து, சாம்பல் நிறத்தில் இருக்குமே, அந்தப் பழைய தகடு. சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளிவிட்டால் அரை நாளில் முடியும் என்றார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். அஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் கலந்த தகடுகள் தோட்டத்து லயங்களிலும் பழைய வீடுகளிலும் பரவலாகப் பயன்பட்டவை. பார்த்த மாத்திரத்தில் இதில் கல்நார் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடச் சோதனையில்தான் தெரியும். சோதிக்க வசதி இல்லாவிட்டால், உண்டு என்றே எடுத்துக்கொள்வது நல்லது. உடையாமல் கூரையில் கிடக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. உடைத்தால், அறுத்தால், தேய்த்துக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். அதனால் வரும் புற்றுநோய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும்.

தேயிலைக்கும் இந்தத் தகட்டுக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. இலங்கை அரசு 2018 முதல் அஸ்பெஸ்டாஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்திருந்தது. ரஷ்யா அந்தப் பொருளை விற்கும் நாடு. இலங்கைத் தேயிலையை வாங்கும் நாடும் அதுவே. 2017 டிசம்பரில், தேயிலைப் பெட்டியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தடை போட்டது. இலங்கை தன் கட்டுப்பாட்டைத் தள்ளி வைத்தது. சில நாட்களில் தேயிலைத் தடையும் நீங்கிவிட்டது. வண்டு எங்கே போனதோ தெரியவில்லை. மலையகத்துத் தொழிலாளர் லயங்களின் மேல் கிடக்கும் கூரையும், அவர்கள் கிள்ளும் கொழுந்தும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அத்தை வீட்டுத் தகட்டை இப்படித்தான் இறக்கினோம். வீட்டில் இருந்தவர்களை எதிர்வீட்டுக்கு அனுப்பினோம். தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, மருந்தடிக்கும் பம்பினால் தகடு முழுவதையும் நனைத்தோம். அந்தப் பம்பு புதிதாக வாங்கியது. பூச்சி மருந்து அடித்த பம்பை இதற்கு எடுக்கக் கூடாது. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தகட்டை முழுசாக இறக்கி, கனமான பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டினோம். அரை நாள் வேலை இரண்டு நாளானது. கல்நார்க் கழிவு நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தனியாகக் கையாள வேண்டிய ஆபத்தான கழிவு வகையில் வருகிறது. ஆற்றோரத்தில் கொட்டுவதோ, கோழிக் கூண்டுக்குக் கூரையாக அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதோ கூடாது. இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே முதல் வழி. இப்போது யோசித்தால் நாங்களும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக்

இனி, வீட்டுக்குள் தூசி வராமல் தடுப்பதைப் பார்ப்போம். கதவில் பழைய சேலையைத் தொங்கவிடுவது நம்மவர்கள் வழக்கம். சேலை மரியாதைக்குத் தொங்கும், தூசியைத் தடுக்காது. லெம்பா பெர்த்தாமில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. பள்ளத்தாக்கு முழுக்கக் காய்கறிக் கூடாரங்கள். அந்தக் கூடாரத்துக்குப் போடும் பிளாஸ்டிக் விரிப்பு தோட்டச் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை வேலை நடக்கும் அறைக்கும் குடியிருக்கும் அறைக்கும் நடுவில், கூரை முதல் தரை வரை, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும். தரையில் ஒரு சாண் மடித்து, அதன் மேல் மணல் மூட்டையோ பலகையோ வைத்தால் காற்றுக்குத் தூக்காது. வேலையாட்கள் பின்வாசல் வழியாக மட்டும் வந்து போகட்டும்.

இதோடு நிறுத்தினால் பாதிதான் பலன். மலையில் குளிர், தானா ராத்தாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 18 பாகைதான். அதனால் வேலை நடக்கும் அறையின் சன்னலையும் சாத்தி விடுகிறார்கள். அடைபட்ட தூசி போக வழியில்லாமல் கதவிடுக்கைத் தேடும். அந்த அறைச் சன்னலைத் திறந்து, ஒரு மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்து ஓடவிடுங்கள். விசிறி காற்றை வெளியே தள்ளத் தள்ள, வீட்டுக்குள்ளிருந்து அந்த அறைக்குத்தான் காற்று போகும். அங்கிருந்து வீட்டுக்குள் வராது. பிளாஸ்டிக் திரை வேலை நடக்கும் பக்கமாக உப்பி நின்றால் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். நம் பக்கம் உப்பினால் எங்கோ தவறு. அக்கம்பக்கத்துச் சன்னலுக்கு நேராக மட்டும் விசிறியை வைத்துவிடாதீர்கள், அப்புறம் தீபாவளிப் பலகாரம் வராது.

திரை போடுவதற்கு முன் சாமி மேடை, அரிசிப் பானை, மருந்துப் பெட்டி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் இவற்றை அப்புறப்படுத்தி விடுங்கள். அடுப்பை முன்தாழ்வாரத்துக்கு மாற்றுவதானால் கேஸ் தோம்பைக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பாருங்கள். கூரை வேலையின்போது அது திறந்து கிடந்தால் குளிக்கும் தண்ணீரிலும் சிமெண்டு. ஆஸ்துமாக்காரர், கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் இருந்தால் சுவர் உடைக்கும் நாள், டைல்ஸ் பெயர்க்கும் நாள், பூச்சைத் தேய்க்கும் நாள், இந்த மூன்றுக்கும் அவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்ப்பதும் இந்தக் கணக்கில் சேரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். டைல்ஸை நேராக வெட்டக் கையால் இழுக்கும் வெட்டுக்கருவி போதும். கோடு கிழித்து முறிப்பதால் தூசி மிகக் குறைவு. மின் அறுவையானால் தண்ணீர் பாயும் வகையாகவே செய்யப்பட்ட இயந்திரம் வேண்டும். சாதாரணக் கைச்சக்கரத்தின் மேல் போத்தல் தண்ணீரை ஊற்றுவது மின்சாரத்தோடு விளையாடுவது. அத்தை வீட்டில் வெட்டிக்கொண்டிருந்தவர் இருபத்திரண்டு வயது வங்காளதேசத்துத் தம்பி. முகத்தில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தார். துணியும் மருத்துவமனை முகமூடியும் நுண்துகளைத் தடுக்காது. என்95 வகை வேண்டும், அதுவும் கன்னத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். 2015 புகைமூட்டத்திலும் 2020 கொரோனாவிலும் வாங்கி மிச்சம் வைத்திருப்பவர்கள் வீட்டு வேலைக்காரர்களுக்கும் கொடுக்கலாம். நம் வீட்டில் ஆறு வாரம்தான் தூசி. அந்தத் தம்பிக்கு வருடம் முழுவதும்.

சேறு போகும் வழி

நனைத்தால் தூசி அடங்கும், சரி. நனைத்தது சேறாகுமே? மலையில் இந்தக் கேள்வி சாதாரணமானது அல்ல. லெம்பா பெர்த்தாம்காரர்களுக்குச் சேற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில், கனமழையில் நிரம்பிய சுல்தான் அபு பாக்கார் அணைக்கட்டிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் ஆறு கரையுடைத்துத் தூங்கிக்கொண்டிருந்த கிராமத்துக்குள் புகுந்தது. உயிர்கள் போயின. வீடுகளும் வாகனங்களும் சேற்றில் புதைந்தன. மேலே காடழித்த சரிவுகளிலிருந்து ஆண்டாண்டாக இறங்கிய மண், ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது.

அந்த நாட்களை அத்தை இப்படிச் சொல்வார்: "ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுத்த வீடு ஒரு வாரத்தில் வீடாகிவிட்டது. காயட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்ட வீட்டில் இரண்டு மாதம் தூசி." இதைச் சொன்ன அதே அத்தைதான் விளக்குமாற்றோடு நின்றார். ஆற்றுச் சேற்றுக்குத் தெரிந்தது சிமெண்டு தூசிக்கும் பொருந்தும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே மணல் குவியலைத் திறந்து போடாதீர்கள். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலேறும்போது தூசியாகப் பறக்கும், மாலை மழையில் சேறாகிக் கால்வாய்க்கு ஓடும். அடியில் ஒரு பிளாஸ்டிக், மேலே ஒரு பிளாஸ்டிக், சுற்றி நான்கு செங்கல். சிமெண்டு கலந்த வாளியைச் சமையலறைத் தொட்டியிலோ கால்வாயிலோ கழுவவே கூடாது; குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். ஒரு பழைய தோம்பில் கழுவி, இரவு தெளியவிட்டு, அடியில் தங்கியதைக் காயவைத்துக் கட்டியாக அள்ளிப் போடலாம். சிமெண்டுத் தண்ணீர் கடும் காரம் உள்ளது. கீரைப் பாத்தியில் ஊற்றினால் கீரை போய்விடும், வெறுங்கையால் துழாவினால் தோல் வெந்துவிடும்.

வேலை ஆரம்பிக்கும் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரன் மலையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை உச்சம். ஜனவரி, பிப்ரவரி ஓரளவு உலர்ந்த மாதங்கள். கூரையைப் பிரிக்க அதுவே நல்ல நேரம்.

இடிபாடு எங்கே போகும்? வீட்டுக் குப்பை லோரி அதை ஏற்றாது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011 முதல் பகாங்கிலும் நடப்பில் இருக்கிறது. கட்டுமானக் கழிவை அனுமதியில்லாத இடத்தில் கொட்டினால் குற்றம். ரோரோ தொட்டியை வாடகைக்கு எடுக்க வேண்டும். இந்தச் செலவை யார் ஏற்பது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லாததால் அத்தைக்கும் குத்தகையாளருக்கும் அரை நாள் வாக்குவாதம். கடைசியில் அத்தைதான் கொடுத்தார். திரை போடுவது, ஈரமாக வெட்டுவது, தினமும் மாலை இடிபாட்டை மூட்டை கட்டுவது என்று மூன்று வரி சேர்த்து எழுதினால் நூறு இருநூறு வெள்ளி கூடக் கேட்பார்கள். கொடுத்துவிடலாம் என்பதுதான் என் கருத்து. நீட்டிக் கட்ட மாவட்ட மன்றத்தின் அனுமதியும் வேண்டும். அதை வாங்கிவிட்டாரா என்று காகிதத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தூசி வரும். அதைச் சுத்தம் செய்வது மறுநாள் காலையில், வேலையாட்கள் வருவதற்கு முன். முந்தைய நாள் மிதந்தது அதற்குள் இறங்கியிருக்கும். ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ஒவ்வொரு அறைக்கும் வாளித் தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைப் படலமாக நிற்கும். தரைக்கு, அந்தக் காலத்து ஆங்கிலேய வீடுகளில் ஒரு முறை இருந்தது. தேநீர் வடித்த சக்கையைப் பிழிந்து, ஈரத்தோடு தரையில் தூவிக் கூட்டுவார்கள். ஈரச் சக்கை தூசியைப் பிடித்துக்கொள்ளும், மேலே எழாது. தேயிலை மலையில் சக்கைக்கா பஞ்சம்? வெள்ளை டைல்ஸிலும் புதுச் சிமெண்டுத் தரையிலும் கறை படியும், அங்கே ஈர மரத்தூளைப் போடுங்கள்.

அத்தை வீட்டு வேலை ஆறு வாரத்தில் முடியவில்லை, பத்தானது. கடைசி நாள் திரையை நனைத்து, உள்பக்கமாகச் சுருட்டி இறக்கினோம். அந்தப் பிளாஸ்டிக்கை மிளகாய்ச் செடிக்குப் போடலாமா என்று அத்தை கேட்டார். வேண்டாம், மூட்டை கட்டி ரோரோவில் போடுங்கள் என்றேன். மிளகாய்க்குப் புதிதாக மூன்று மீட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்.